நச்சு நிலமும் பக்கத்துத் தெருவும்

ஆலை மூடப்பட்டு, உரிமையாளரும் கைகழுவிவிட்ட பிறகு, நகரத்தின் நடுவே முள்வேலிக்குள் புதர் மண்டிக் கிடக்கும் நிலத்தை மீட்டெடுப்பது பொறியாளர்களின் வேலை என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. மண்ணைத் துளையிட்டு மாதிரி எடுப்பதும், அதைச் சோதனைச்சாலைக்கு அனுப்புவதும், வந்த எண்களைக் கொண்டு திட்டம் தீட்டுவதும் ஓர் அலுவலகத்துக்குள் முடிந்துவிடும். வேலியை ஒட்டிய தெருவில் குடியிருப்போரை எல்லாம் முடிவான பின்பு ஒரு மாலையில் பள்ளிக்கூட மண்டபத்துக்கு அழைத்து, வண்ண வரைபடத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்குவதே மக்கள் பங்கேற்பு எனப்பட்டது. தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கும் இந்த முறை நாகரிகக் குறைவானது என்று பலர் சொல்லியிருக்கின்றனர். ஆனால் இத்தொழிலில் ஊறியவர்கள் அதைவிடக் கடுமையான ஒரு குறையைச் சொல்வார்கள்: இம்முறை தொழில்நுட்பத்தின்படியே பிழையானது.

காரணம் எளிது. மாசுபட்ட மண்ணை எந்த அளவுக்குத் தூய்மைப்படுத்த வேண்டும் என்பதை மண் சொல்வதில்லை. நாளை அந்த மண்ணின் மேல் யார் நிற்கப்போகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்பார்கள், அதைத் தொட்ட கையை வாயில் வைப்பார்களா, அதில் விளைந்ததைத் தின்பார்களா என்பனவே சொல்கின்றன. இடர் மதிப்பீடு என்று இத்துறையினர் குறிப்பிடுவது இந்தக் கணக்கைத்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2001இல் வகுத்த விதியில், வீட்டு முற்றத்தின் வெறும் மண்ணில் குழந்தைகள் விளையாடும் பகுதிக்கு ஈயத்தின் அபாய அளவு பத்து லட்சத்தில் 400 பங்கு என்றும், அதே முற்றத்தின் மற்றப் பகுதிக்கு 1,200 பங்கு என்றும் குறிக்கப்பட்டிருந்தது. வீடும் ஒன்று, மண்ணும் ஒன்று; குழந்தை எந்த மூலையில் உட்கார்ந்து விளையாடுகிறது என்பதே இரு எண்களுக்கும் இடையிலான வேறுபாடு. அந்த மூலை எது என்று சோதனைச்சாலைக்குத் தெரியாது, தாய்க்குத் தெரியும். ஆகவே அக்கம்பக்கத்தாரைக் கேட்பது மரியாதைக்குச் செய்யும் சடங்கு அல்ல, கணக்குப் போடுவதற்கு வேண்டிய தரவு.

இத்தகைய நிலங்களுக்கு அமெரிக்காவில் பிரவுன்ஃபீல்டு என்று பெயர். 2002ஆம் ஆண்டுச் சட்டம் இதை வரையறுக்கும்போது, நச்சுப் பொருள் இருப்பதால் மட்டுமன்றி, இருக்கக்கூடும் என்ற ஐயத்தாலேயே மறுபயன்பாடு சிக்கலாகிப்போன நிலத்தையும் சேர்த்துக்கொண்டது. ஐயம் என்ற சொல் சட்டத்துக்குள் நுழைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. லவ் கனால் என்ற குடியிருப்பின் அடியில் புதைந்திருந்த வேதிக் கழிவு வெளிவந்து நாட்டையே உலுக்கிய பின், 1980இல் இயற்றப்பட்ட சூப்பர்ஃபண்டு சட்டம், மாசுபடுத்தியவரோடு நிற்காமல் நிலத்தை இன்று கையில் வைத்திருப்பவர் மீதும் தூய்மைப்படுத்தும் செலவைச் சுமத்த வழிசெய்தது. நோக்கம் நல்லதுதான். விளைவோ வேறு விதமாகப் போயிற்று: வங்கிகள் பழைய ஆலை நிலத்துக்குக் கடன் தர அஞ்சின, வாங்க வந்தவர்கள் நகருக்கு வெளியே வயல்வெளியைத் தேடிப் போனார்கள், மாசு இல்லாத நிலங்கள்கூட மாசுபட்டவற்றின் பக்கத்தில் இருந்த குற்றத்துக்காகப் பாழாய்க் கிடந்தன. இந்த முடிச்சை அவிழ்க்கவே 1995இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தனித் திட்டம் தொடங்கியது; 2002ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பின்புலம் தந்தது. நாடு முழுவதும் இத்தகைய நிலங்கள் நான்கரை லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது முகமையின் மதிப்பீடு.

களப்பணி இரண்டு கட்டங்களாக நடக்கும். முதல் கட்டத்தில் மண்ணைத் தொடுவதே இல்லை. பழைய பத்திரங்கள், உரிமங்கள், வான்வழிப் படங்கள் ஆகியவற்றைப் புரட்டி, அந்த மனையில் முன்பு என்னென்ன நடந்தது என்று எழுதுவார்கள். அமெரிக்க நகரங்களில் இதற்குப் பெரிதும் கைகொடுப்பவை சேன்பார்ன் நிறுவனம் தீக்காப்பீட்டுக்காக வரைந்த தெரு வரைபடங்கள். செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள் என்று வண்ணமிட்டு, எண்ணெய்த் தொட்டி எங்கே, கொதிகலன் எங்கே, சாயப்பட்டறை எங்கே என்று மனை மனையாகக் காட்டும் அவ்வரைபடங்கள் தீப்பிடிப்பதைப் பற்றிக் கவலைப்பட்டவர்களால் வரையப்பட்டவை என்பதால், நச்சைத் தேடுபவருக்கும் அவையே வழிகாட்டி ஆயின. ஆனால் இரவோடிரவாக லாரியில் வந்து கொட்டிவிட்டுப் போனது எந்த வரைபடத்திலும் இராது. பீப்பாய்கள் எந்தப் பள்ளத்தில் உருண்டன, மழைக்காலத்தில் எந்த வாய்க்காலில் நிறம் மாறிய நீர் ஓடியது, எந்த மனையில் வண்டிகளுக்கு எண்ணெய் மாற்றினார்கள் என்பதெல்லாம் எதிர்வீட்டுத் திண்ணையில் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்த முதியவரின் நினைவில்தான் இருக்கும். இரண்டாம் கட்டத்தில் துளையிடும் இடங்களைக் குறிப்பவர், அந்த முதியவரைக் கேட்ட பிறகு குறித்தால் துளைகள் குறையும், செலவும் குறையும். கேளாமல் குறிப்பவர், சீரான இடைவெளியில் கட்டம் போட்டுத் துளையிட்டு, இரண்டு துளைகளுக்கு நடுவே இருக்கும் பீப்பாயைத் தவறவிடுவார்.

குடியிருப்போர் தாமே முன்கை எடுத்த முயற்சிகளில், பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரி பகுதியிலுள்ள டட்லி தெருவின் வரலாறு தனித்து நிற்கிறது. 1960களிலும் 70களிலும் வெள்ளையர் வெளியேற, வங்கிகள் கடனை நிறுத்த, காப்பீட்டுத் தொகைக்காக வீட்டு உரிமையாளர்களே தம் கட்டடங்களுக்குத் தீ வைக்க, 1980களின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 1,300 மனைகள் காலியாகக் கிடந்தன. காலி என்று சொல்வதும் பொருந்தாது. நகரின் மற்றப் பகுதிகளில் இடித்த கட்டடங்களின் கழிவும், கைவிட்ட கார்களும், அழுகிய இறைச்சிக் கழிவும் அங்கேதான் வந்து விழுந்தன. எரிந்த வீடுகளின் பழைய வண்ணப்பூச்சிலிருந்தும் வண்டிப் புகையிலிருந்தும் வந்த ஈயம் மண்ணில் படிந்திருந்தது.

1984இல் அங்கே இயங்கிய லா அலியான்ஸா இஸ்பானா என்ற லத்தீன் அமெரிக்கர் அமைப்பு, தன் அலுவலகத்துக்குத் தரைவிரிப்பு வாங்க ரைலி அறக்கட்டளையிடம் பணம் கேட்டது. தரைவிரிப்பைப் பற்றி விசாரிக்க வந்த அறங்காவலர்கள், சன்னலுக்கு வெளியே விரிந்து கிடந்த பாழ்மனைகளைக் கண்டு திகைத்து, முழுப் பகுதியின் மீட்புக்கும் பொறுப்பேற்க முன்வந்தனர். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், ஆட்சிக்குழுவின் அமைப்பையும் தாமே எழுதி முடித்துக்கொண்டு, அதை அறிவிக்க ஊர்க்கூட்டம் கூட்டினார்கள். கூட்டத்தில் எழுந்த கேள்வி ஒன்றே ஒன்று: மேடையில் இருப்பவர்களில் இந்தப் பகுதியில் குடியிருப்பவர் எத்தனை பேர்? அதற்கு விடை சொல்ல முடியாமல் போகவே, எழுதியதைக் கிழித்துவிட்டுக் குடியிருப்போர் பெரும்பான்மை பெறும்படி ஆட்சிக்குழுவைத் திருத்தி எழுதினார்கள். கறுப்பினத்தார், லத்தீன் அமெரிக்கர், கேப் வெர்டியர், வெள்ளையர் ஆகிய நான்கு பிரிவினருக்கும் மக்கள்தொகை விகிதம் பாராமல் சம எண்ணிக்கையில் இடங்கள் ஒதுக்கப்பட்டன. பணம் கொடுப்பவர் அதிகாரத்தை விட்டுக்கொடுப்பது அரிது என்பதால், அந்த அறங்காவலர்களுக்கும் இந்தக் கதையில் உரிய பங்கு உண்டு.

டட்லி தெரு அண்டைப்பகுதி முன்முயற்சி என்ற பெயரில் உருவான அவ்வமைப்பு முதலில் திட்டம் எதையும் வரையவில்லை. 1986இல் குப்பை கொட்டுவதற்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கி, உரிமமின்றி நடந்த குப்பை மாற்று நிலையங்களை மேயர் ரேமண்ட் ஃபிளின் மூடும் நிலைக்குக் கொண்டுவந்தது. களப்பணியாளர்கள் கற்க வேண்டிய வரிசை இது. பத்தாண்டு கழித்து வரப்போகும் வீட்டைக் காட்டி யாரையும் கூட்டத்துக்கு வரவழைக்க முடியாது. அடுத்த மாதம் நாற்றம் நிற்கும் என்றால் வருவார்கள். நாற்றம் நின்ற பிறகு வந்தவர்கள் நிலைத்தார்கள், 1987இல் பகுதிக்கான விரிவான திட்டத்தை ஆலோசகர்களைத் தாமே அமர்த்தி வகுத்துக்கொண்டார்கள். ஆங்கிலம், ஸ்பானியம், கேப் வெர்டியக் கிரியோல் ஆகிய மூன்று மொழிகளில் கூட்டங்கள் நடந்தன. மொழிபெயர்ப்பால் கூட்டம் நீளும் என்று அலுத்துக்கொள்ளும் ஆலோசகர்கள் எங்கும் உண்டு. நீளாத கூட்டத்தில் யார் பேசாமல் போனார்கள் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

திட்டம் கையில் இருந்தும் நிலம் கையில் இல்லை. டட்லி முக்கோணம் எனப்பட்ட 64 ஏக்கரில் சுமார் 30 ஏக்கர் காலியாக இருந்தது; அதில் ஏறத்தாழப் பாதி நகராட்சியுடையது, மீதி பல தனியாருக்கு உரியதாய்த் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. இரண்டு மனை நகராட்சிக்கு, நடுவில் ஒன்று எங்கோ வாழும் ஒருவருக்கு என்று இருந்தால் அங்கே எதையும் கட்ட முடியாது. பொது நோக்கத்துக்காகத் தனியார் நிலத்தை இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளும் அரசின் அதிகாரத்தை, இந்த முக்கோணத்துக்குள் தமக்குத் தரும்படி குடியிருப்போர் கேட்டார்கள். கறுப்பின மக்களின் குடியிருப்புகளை இடித்துத் தள்ளுவதற்கே அமெரிக்க நகரங்கள் முன்பு பயன்படுத்திய அதிகாரம் அது. 1988 நவம்பரில் பாஸ்டன் மறுசீரமைப்பு ஆணையம் அதற்கு ஒப்புதல் அளித்தது. நாட்டில் எந்த அண்டைப்பகுதி அமைப்புக்கும் அதற்குமுன் கிடைக்காத அதிகாரம் அது. நிலம் வாங்க ஃபோர்டு அறக்கட்டளை 20 லட்சம் டாலர் கடனாகத் தந்தது.

அடுத்து எடுத்த முடிவைத்தான் பிற நகரங்கள் மிகுதியாகப் படிக்கின்றன. தூய்மையான மண் விலை ஏறும். விலை ஏறினால் நாற்றத்தைச் சகித்துக் குடியிருந்தவர்களே முதலில் வாடகை தாளாமல் வெளியேறுவார்கள். இதைத் தடுக்கச் சமுதாய நில அறக்கட்டளை ஒன்றை அமைத்தார்கள்: நிலம் என்றென்றும் அறக்கட்டளைக்கு உரியது, அதன் மேல் எழும் வீட்டை வாங்குபவர் 99 ஆண்டுக் குத்தகையில் நிலத்தைப் பயன்படுத்துவார், விற்கும்போது வரையறுத்த விலைக்கு மேல் போக முடியாது. வீடு வாங்கியவர் சந்தை லாபத்தை இழக்கிறார் என்ற குறை இதற்கு உண்டு, அது நியாயமான குறையும்கூட. ஆயினும் அந்நிலத்தில் 200க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்து, இன்றும் சாதாரண வருமானக்காரர்களுக்கு எட்டும் விலையில் இருக்கின்றன. வாகனப் பழுதுபார்ப்பு நிலையம் இருந்து மண் கெட்டுப்போன ஒரு மனையில் இன்று 10,000 சதுர அடியில் பசுமைக்குடில் நிற்கிறது. உணவு விளைவிப்பதே நோக்கம் என்று முன்கூட்டியே தெரிந்தால், பழைய மண்ணோடு வேர் படாதபடி மேலே புது மண்ணிட்ட உயர்பாத்திகளை அமைத்துக்கொள்ளலாம் என்பதால், பயன்பாட்டை முதலில் முடிவு செய்வதன் பலன் இத்தகைய தோட்டங்களில் கண்கூடாகத் தெரியும்.

தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க் நகரில் கதை வேறு விதமாகத் தொடங்குகிறது. ஆர்க்ரைட், ஃபாரஸ்ட் பார்க் என்ற கறுப்பினக் குடியிருப்புகளை ஒட்டி, 1986இல் மூடப்பட்ட உர ஆலையும், 1972இல் மூடப்பட்ட நகராட்சிக் குப்பைக் கிடங்கும், இயங்கிக்கொண்டிருந்த வேதித் தொழிற்சாலை ஒன்றும் இருந்தன. உர ஆலைக்கு எதிரே வளர்ந்த ஹெரால்டு மிட்செல் 1998இல் ரீஜெனிசிஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். மத்திய முகமையிடமிருந்து அவர்களுக்கு முதலில் கிடைத்தது 20,000 டாலர். மருத்துவமனை, வீட்டுவசதி, சாலை, நிலத் தூய்மை என்று தனித்தனித் துறைகளின் கதவுகளைத் தட்டித் திரட்டிய தொகை பின்னாளில் 27 கோடி டாலரைத் தாண்டியது. முகமையே இதைக் கூட்டுமுயற்சிக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது. மிட்செல் பின்னர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார்.

இங்கே உற்றுநோக்க வேண்டியது, மக்கள் கேட்டவற்றின் பட்டியல். மாசு வல்லுநர்கள் ஆலை மண்ணைப் பற்றிப் பேச வந்தார்கள். குடியிருப்போர் சாலையைப் பற்றிப் பேசினார்கள். குடியிருப்புக்கு ஒரே வழி, அதன் குறுக்கே ரயில் பாதை. தொழிற்சாலையில் விபத்து நேரும் அன்று சரக்கு ரயில் வழிமறித்து நின்றால் தப்பிக்க இடமில்லை. ஆகவே இரண்டாவது வழி வேண்டும் என்றார்கள். அடுத்து மருத்துவ நிலையம் கேட்டார்கள். நச்சு நிலத்துக்கும் மருத்துவ நிலையத்துக்கும் தொடர்பில்லை, இது வேறு துறை என்று கோப்பைத் திருப்பி அனுப்புவதே அலுவலக வழக்கம். அப்படி அனுப்பாததால்தான் 20,000 டாலர் வளர்ந்தது. இயங்கும் தொழிற்சாலையை மூடச் சொல்லிப் போராடுவதற்குப் பதிலாக, நடுவர் ஒருவரை வைத்து நிர்வாகத்தோடு தொடர்ந்து பேசியதை விட்டுக்கொடுப்பு என்று குறை சொல்பவர்களும் உண்டு. வேலியின் மறுபக்கத்திலேயே வாழ வேண்டியவர்கள் எடுத்த முடிவு என்பதால் அதற்குத் தனி எடை இருக்கிறது.

இவ்விரு களங்களையும் ஒட்டி இத்தொழிலுக்குள் சில நடைமுறைகள் படிந்துள்ளன. வெள்ளை அங்கியும் முகமூடியும் அணிந்து மண் எடுக்க இறங்குவதற்கு முன்பே வீடு வீடாகச் சொல்லிவைக்காவிட்டால், மறுபக்கத்தில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளைகளைக் காட்டித் தாய்மார்கள் கேட்கும் கேள்விக்குப் பின்னால் எந்த அறிக்கையாலும் விடை சொல்லி மாளாது. சோதனை முடிவை மொத்தச் சராசரியாகச் சொல்வதில் பயனில்லை; அவரவர் மனைக்கான எண்ணை அவரவர் கையில் முதலில் கொடுத்துவிட்டுத்தான் பொதுக்கூட்டத்தில் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குடியிருப்போருக்கென்று தனி வல்லுநர் ஒருவர் வேண்டும். நிறுவனத்தின் வல்லுநரும் அரசின் வல்லுநரும் பேசும் மேசையில் மக்கள் தரப்பில் வெறும் கோபம் மட்டும் உட்கார்ந்திருந்தால் அந்தப் பேச்சு சமமாகாது. இதை உணர்ந்து, 1986இல் திருத்தப்பட்ட சூப்பர்ஃபண்டு சட்டம், குடியிருப்போர் குழுக்கள் தமக்கான ஆலோசகரை அமர்த்திக்கொள்ள 50,000 டாலர் வரை மானியம் பெற வழிசெய்தது. நீரையும் மண்ணையும் பற்றிய ஆயிரம் பக்க அறிக்கையைத் தம் பக்கத்திலிருந்து ஒருவர் படித்துச் சொல்கிறார் என்பது கூட்டத்தின் குரலையே மாற்றிவிடும்.

தமிழ்நாட்டில் இந்த வாதம் முழு உருவில் எழுந்த இடம் கொடைக்கானல். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து 1980களில் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் குவிந்து கிடப்பதை உள்ளூர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் கண்டு வெளிப்படுத்திய பிறகே ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசம் கலந்த கழிவு 290 டன் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் 2016இல் உடன்பாடு ஏற்பட்டது. எஞ்சியது மண். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவு ஏற்கப்பட்டது. குடியிருப்பு நிலத்துக்கு இது போதுமானது, இதைவிடக் கடுமையாக்கினால் மரங்களை வெட்டி மலைச்சரிவின் மண்ணையே அகற்ற நேரும், அரிப்பு மிகும் என்பது நிறுவனத் தரப்பின் வாதம். ஆலைக்குப் பின்னே இருப்பது வீடுகள் அல்ல, பாம்பார் சோலை. அங்கிருந்து நீர் சமவெளிக்கு இறங்குகிறது. தாய் நிறுவனம் இருக்கும் பிரிட்டனில் இதைவிடக் கடுமையான அளவே கேட்கப்பட்டிருக்கும் என்பது உள்ளூர் அமைப்புகளின் வாதம். இரு தரப்பும் அறிவியலைத்தான் பேசின. ஆனால் வேறு வேறு உயிர்களை அந்த மண்ணின் மேல் நிறுத்திப் பேசின. எந்த உயிரை நிறுத்துவது என்ற கேள்வி, எண் எழுதப்படுவதற்கு முன்பே ஊரின் முன் வைக்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி.

இந்தியாவில் மாசுபட்ட தலங்களைக் கையாள்வதற்கான தனி விதிகள் 2025 ஜூலையில்தான் வெளிவந்தன. இதற்கிடையே சென்னையில், ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பில் உள்ள பெருங்குடியிலும், வடக்கே கொடுங்கையூரிலும், பல பத்தாண்டுகளாகக் குவிந்த குப்பைமேடுகளைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் முறையால் நிலம் மீட்கப்பட்டு வருகிறது. கொடுங்கையூரில் எரிஉலை வேண்டாம் என்று வடசென்னைக் குடியிருப்போர் எதிர்ப்புத் தெரிவித்துள்ளனர்; எதிர்ப்பு என்பது கேட்கப்படாதவர்களுக்கு மிஞ்சிய பங்கேற்பு வடிவம். 2022ஆம் ஆண்டு விதிகளின்படி தமிழக நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டுள்ளன. மீண்ட நிலம் பூங்காவா, விளையாட்டுத் திடலா, சதுப்பாகவே விடப்படுமா, வீடுகளா, குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களுக்கு அதில் என்ன இடம் என்ற கேள்விகள் அந்தச் சபைகளின் நிகழ்ச்சிநிரலில் இப்போதே ஏற வேண்டும். தரையின் மண் இன்னும் சோதிக்கப்பட வேண்டியிருக்கும் இந்தக் காலமே அதற்கு உரிய காலம். ஒப்பந்தப்புள்ளி திறக்கப்பட்ட மறுநாள் கேட்டால் விடை கிடைக்காது.